வெந்நீரில் போட்ட மப்ளர்

1944 மார்ச், ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள வில்ஃப்,

நானும் உன் அப்பாவும் ஆறு கோழிகளும் இங்கே கைகால் சுகத்தோடு இருக்கிறோம், கோழிகள் மட்டும் முட்டை போடுவதை யுத்தம் முடியும்வரை ஒத்திவைத்திருக்கின்றன. நீயும் அந்தக் கனடாப் பனியில் காது மூக்கு உதிராமல் முழுசாக இருக்கிறாய் என்பதை உன் கையெழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வெண்ணெயும் வெள்ளை ரொட்டியும் தின்று உன் எழுத்தே குண்டாகிவிட்டது, ஒரு வரியில் நாலு சொல்தான் பிடிக்கிறது. அப்பாவுக்கு முதுகுவலி பழையபடிதான், குனிந்தால் நிமிர மாட்டார், நிமிர்ந்தால் குனிய மாட்டார், ஆகவே கீழே விழுந்ததையெல்லாம் நான்தான் எடுக்கிறேன். நம் பாதிரியார் போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் தூங்கிப்போனார், அதுவும் அவருடைய பிரசங்கத்திலேயே. இதைப் பிரித்துப் படிக்கிற தணிக்கை அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம், உங்கள் கத்தரிக்கோலுக்கு வேலை வைக்காமல் ஊர் பெயரோ விமானத்தளத்தின் பெயரோ எழுத மாட்டேன், இதில் ஜெர்மானியனுக்கு உபயோகமான ரகசியம் ஒன்றும் இல்லை, ஒரு மப்ளர் சுருங்கிப்போன கதைதான் இருக்கிறது.

முதலில் உன் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதற்காகத்தான் எழுதுகிறேன். விமானப்படைப் பயிற்சியில் வானத்தில் வழி கண்டுபிடிக்கிற பரீட்சையில் நீ முதலாவதாக வந்ததால் உன்னை அங்கேயே வாத்தியாராக வைத்துக்கொள்ளக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், கூடப் படித்தவர்கள் எல்லாரும் கப்பலேறி வந்து பெரிய விமானங்களில் போகும்போது நான் மட்டும் சாக்பீஸும் கையுமாக நின்றால் ஊரில் உங்களுக்குத் தலைகுனிவாக இருக்காதா அம்மா என்று கேட்டிருந்தாய். உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவன் முடிவு, என்றார். அவ்வளவுதான், பிறகு பூட்சைத் துடைக்கப் போய்விட்டார். நான் என்ன செய்தேன் என்றால், அன்றைக்கே உட்கார்ந்து, வந்துவிடு கண்ணா, கோடைக்காலத்துக்குள் நம் வீட்டுப் புகைபோக்கிக்கு மேலே நீ பறப்பாய் என்று போஸ்ட் ஆபீஸ் வரிசையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், என் வாயைப் பொய் வாயாக்கிவிடாதே என்று எழுதி எட்டு நாளைக்கு முன் சனிக்கிழமை தபாலில் சேர்த்துவிட்டேன். வேடிக்கையாகத்தான் எழுதினேன். என் வேடிக்கையெல்லாம் இப்படித்தான், பிறகு திரும்பிப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

அந்தச் சனிக்கும் இந்த ஞாயிறுக்கும் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து விமானத்தளத்துப் பையன்களுக்கு நான் துணி வெளுத்துக் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, சோப்பு அவர்கள் கொண்டுவருவார்கள், ரேஷனில் எனக்குக் கிடைக்கிற சோப்பு உன் அப்பாவின் கழுத்துக்கே காணாது. திங்கட்கிழமை வெளுப்பு விஷயத்தில் உன் அம்மாவின் கர்வம் உனக்குத் தெரியும். இந்தத் தெருவில் இருபத்தாறு வருஷமாக முதல் கொடி என்னுடையது, ஒன்பது மணி அடிக்கும்முன் என் வெள்ளைத்துணி காற்றில் ஆடியாக வேண்டும். டௌஸ் அம்மாள் ஒரு தடவை என்னை முந்துவதற்காக விடியற்காலையில் நனைக்காத போர்வையைக் கொடியில் போட்டுவைத்தாள், நான் வேலி தாண்டிப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். பாவம், அவளைக் கேலி செய்வதை நான் குறைத்துக்கொள்ள வேண்டும். அவள் மகன் டெட் நவம்பரில் போன விமானம் திரும்பவே இல்லை, காணவில்லை என்று வந்த அந்த ஒரு தாளை இன்னமும் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறாள்.

என்னிடம் துணி போடுகிறவர்களில் ஏழு பேர் ஒரே விமானத்துக்காரர்கள். ஓட்டுகிறவன் பிரைஸ் என்று ஒரு ஆஸ்திரேலியாக்காரன், வாசற்படியில் தலை இடிக்காமல் நுழைந்ததே இல்லை. வாலில் கூண்டுக்குள் பின்பக்கம் பார்த்துக்கொண்டு துப்பாக்கியோடு உட்காருகிறவன் நெவில், லெஸ்டர் பக்கத்துப் பையன், உன்னைவிட ஐந்து மாதம் சின்னவன், நம் வீட்டுக்கு வந்தால் கேட்காமலே நீ உட்காரும் நாற்காலியில் உட்காருவான், நான் எழுப்பியதில்லை. அவனிடம் ஒரு மப்ளர் இருந்தது. என்ன நிறம் என்று அவன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும், பின்னிக் கொடுத்தவள் அவள்தானே. எண்ணெய், சூப், சிகரெட் சாம்பல், இன்னும் நான் கேட்க விரும்பாத சங்கதிகள் எல்லாம் அதில் இருந்தன. போன திங்கட்கிழமை காலையில் அதைக் கொண்டுவந்து, அம்மா, இந்த ஓரத்துக் கிழிசல மட்டும் தச்சுக் குடுங்க, தண்ணி மட்டும் காட்டிடாதீங்க, இருபத்தோரு தடவ இதக் கட்டிக்கிட்டுப் போய்த் திரும்பி வந்திருக்கோம், இதுல இருக்கிற அழுக்குதான் எங்க ஏழு பேரையும் தூக்கிட்டு வருது, என்றான். ஏறுவதற்கு முன்னால் ஏழு பேரும் அதை ஒருமுறை தொட்டுக்கொள்வார்களாம். நான் சரி சரி என்றேன். அவன் தலை மறைந்ததும் அதை மூக்கருகே கொண்டுபோனேன். வில்ஃப், என் வீட்டிலிருந்து அப்படி ஒரு சாமான் வெளியே போனால் ஊரில் நான் எப்படித் தலைகாட்டுவது? கொப்பரையில் துணி கொதித்துக்கொண்டிருந்தது. பையன் நாளைக்கு எனக்கு நன்றி சொல்வான் என்று நினைத்து அதை எடுத்து உள்ளே போட்டுவிட்டேன்.

கம்பளியை வெந்நீரில் போடக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? நீ குழந்தையாக இருந்தபோதே தெரியும். ஆனால் அந்த அழுக்கைப் பார்த்த கோபத்தில் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. வெளியே எடுத்தால் இரண்டு கெஜ மப்ளர் ஒரு முழம் ஆகியிருக்கிறது, அட்டை மாதிரி விறைப்பு, நல்ல நீல நிறம். நீலம்தான் வில்ஃப், அழகான நீலம். சாயங்காலம் நாலு மணிக்கு நெவிலும் பிரைஸும் வந்தார்கள், அது கொடியில் சட்டைகளுக்கு நடுவில் ஒற்றைக் கிளிப்பில் தொங்கியது. நெவிலின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன், ஒரு கணம்தான். அப்புறம் பிரைஸ், அடேய், இனிமே வாசனைய வச்சு ஜெர்மன்காரன் நம்மளக் கண்டுபிடிக்க முடியாதுடா என்றான், நெவில் சிரித்தான், நானும் சிரித்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பாவின் மப்ளரை எடுத்துவந்து இதைக் கட்டிக்கொண்டு போ என்றேன். வேணாம்மா, வேற ஒண்ணக் கட்டினா இதுக்குக் கோவம் வந்துடும், என்று சொல்லி அந்த ஒரு முழத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவனுடைய வால் கூண்டில் முகத்துக்கு நேரே இருக்கிற கண்ணாடியைத் தாங்களே வெட்டி எடுத்துவிட்டார்களாம், பனி படிந்தால் எதிரி விமானம் கண்ணுக்குத் தெரியாது என்று. அதனால் ராத்திரி முழுக்கக் காற்று நேரே கழுத்திலும் முகத்திலும் அடிக்கும். இதை அவனே எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அப்போது அது என் நினைவுக்கு வரவில்லை. நான் செய்ததெல்லாம், அவன் போனதும் ஷாலைப் போர்த்திக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், கைகால் ஆட்டி, முகத்தைக் கோணி, அவன் முகம் எப்படிப் போயிற்று என்று நடித்தே காட்டி, பதினைந்து பேருக்காவது இந்தக் கதையைச் சொன்னதுதான். எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இப்படி ஒரு கதை கிடைத்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் பன்னிரண்டு விமானங்கள் போயின. இங்கே யாரும் எண்ணுகிறோம் என்று சொல்லிக்கொள்வதில்லை, எல்லாரும் எண்ணுகிறோம். செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் பதினொன்று இறங்கிவிட்டன. நான் கஞ்சி கிளறிக்கொண்டு கையை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன், ஒன்றும் இல்லை. பொழுது நன்றாக விடிந்துவிட்ட பிறகு கடல் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது, நாலு இயந்திரம் இரைகிற சத்தம் எப்படி என்று இப்போது இந்த ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும், இது இரண்டுதான். கோயில் கோபுரத்துக்கும் கீழே வந்தது. இறக்கையில் ஒரு கதவளவு ஓட்டை, அதன் வழியாக வானம் தெரிந்தது. நான் வாசலில் கரண்டியோடு நின்றேன். தளத்து வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு மைல் இருக்கும்போது இரண்டில் ஒன்று நின்றது. அப்புறம் சத்தமே இல்லை, அந்த நேரம்தான் நீளமாக இருந்தது. உருளைக்கிழங்கு வயலில் விழுந்தது வில்ஃப், அப்பா குதிரைகளைப் பூட்டிக்கொண்டு நின்ற அதே வயல். முன்பகுதி முழுக்கத் தீ. வால் மட்டும் முறிந்து தனியே உழவுசாலில் கிடந்தது. நிமிரவே முடியாத முதுகோடு உன் அப்பா ஓடியிருக்கிறார், தீயின் பக்கம் ஒன்றும் செய்ய முடியாதென்று பார்த்ததும் வாலுக்கு ஓடியிருக்கிறார், நெவில் உள்ளே உயிரோடு இருந்தான். அப்பா கதவை நெம்பி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தளத்து வண்டி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஏழு பேரில் ஒருவரும் இல்லை.

புதன்கிழமை ரொட்டிக்கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. டௌஸ் அம்மாள்தான் வாயைத் திறந்தாள், ஜெர்மன்காரன் பீரங்கியால முடியாதத நம்ம மேபலோட கொப்பரை முடிச்சிடுச்சு, என்றாள். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது வலித்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், நானே சொல்லியிருக்கக்கூடிய வேடிக்கை மாதிரி இருந்தது, அதுதான் வலித்தது. அன்றைக்கு மத்தியானம் தளத்திலிருந்து ஒரு சார்ஜன்ட் வந்தார். அவர்களுடைய சட்டைகள் என்னிடம் இருந்தன, தேய்த்து மடித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டுக் குத்தி. பிரைஸின் சட்டைக் கையில் பொத்தான் ஒன்று இல்லை, சார்ஜன்டை நிற்கவைத்து அதைத் தைத்துக் கொடுத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார், நல்ல மனுஷன். அதற்குப் பிறகு தளத்திலிருந்து ஒருவரும் என்னிடம் துணி கொண்டுவரவில்லை.

உன் அப்பா மூன்று நாள் அதைப்பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை என்றால் ஆச்சரியப்படுவாய், எனக்கே ஆச்சரியம்தான். வெள்ளிக்கிழமை சாப்பாட்டின்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன், அவன் ஏதாவது சொன்னானா என்று. ரெண்டு வார்த்த சொன்னான், என்றார். மப்ளரப் பத்தியா, என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த மனுஷன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம் வில்ஃப், உங்கம்மா மேல தப்பில்லன்னு சொல்லச் சொன்னான் என்று சொல்லியிருந்தால் நான் ஆயுசுக்கும் அவர் பூட்சைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. மப்ளரப் பத்தி ஒண்ணும் சொல்லல, கழுத்து குளிருதுன்னான், என்றார். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன், ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களை.

அதிர்ஷ்டம் என்பதை நான் நம்பவில்லை. இறக்கையில் அந்த ஓட்டையைப் போட்டது பீரங்கிதான், அந்த ஓட்டையோடு கடல் தாண்டி வந்தது பிரைஸின் கை. மப்ளர் அழுக்காக இருந்திருந்தாலும் அந்த இயந்திரம் நின்றுதான் இருக்கும். ஆனால் குளிரை நான் நம்புகிறேன். எட்டு மணி நேரம் அந்தப் பையன் என் கர்வத்துக்காக வெறும் கழுத்தோடு உட்கார்ந்திருந்தான், அது என் கணக்கில்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. இந்த வாரம் முழுக்க நான்தான் காரணம் என்று படுக்கையில் கிடந்து அழுதபோது உள்ளுக்குள் ஒரு மூலையில் ஆறுதலாகவும் இருந்தது. காரணம் நான் என்றால் நல்லது, அடுத்த ஏழு பேரின் மப்ளரைத் துவைக்காமல் இருந்தால் போதும், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள். காரணம் யாருமே இல்லை, இருபத்தோரு தடவை வந்தவன் இருபத்திரண்டாம் தடவை வரவில்லை, அவ்வளவுதான் என்றால், நான் எதைத் துவைக்காமல் இருப்பது? நீ வந்தால் உன் விஷயத்தில் நான் எதைச் செய்யாமல் இருப்பது?

ஆகவே நீ வரவேண்டாம். என் சனிக்கிழமைக் கடிதம் எந்தக் கப்பலில் இருக்கிறதோ தெரியாது, அது வந்து சேர்ந்தால் அடுப்பில் போடு. சாக்பீஸை எடுத்துக்கொள். தலைகுனிவு என்று எழுதியிருந்தாய், யாராவது கேட்டால் என் அம்மா ஒரு கோழை, அவள் அழுது தொல்லை கொடுத்தாள், என்ன செய்வது என்று சொல்லு, உண்மைதானே. நீ சொல்லிக்கொடுத்து அனுப்புகிற பையன்களுக்கும் அம்மா இருக்கிறாள் என்று உன் மனசில் ஓடும், உன்னை எனக்குத் தெரியும். என் மனசிலும் ஓடுகிறது. வழி தப்பாமல் வீடு திரும்ப அவர்களுக்கு நன்றாகச் சொல்லிக்கொடு, அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது. நான் ஊருக்கெல்லாம் அம்மா இல்லை, உனக்கு மட்டும்தான். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, அழித்து எழுதப்போவதில்லை.

திங்கள் மத்தியானம். ராத்திரி இதை இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை, இந்தக் கடிதம் உன் கையில் கிடைப்பதற்குள் மாதம் முடிந்துவிடும் என்று அப்போதுதான் உறைத்தது. விடிந்ததும் அப்பாவிடம், நான் வில்ஃபுக்குத் தந்தி கொடுக்கப்போகிறேன், அவனை அங்கேயே இருக்கச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் வெளியே போய் என் சைக்கிளுக்குக் காற்றடித்தார். கொப்பரைக்கு இன்று தீ மூட்டவில்லை. நான் போஸ்ட் ஆபீஸ் போய்ச் சேரும்போது எல்லாரும் அவரவர் கொடியில் துணியைப் போட்டுவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தார்கள், வரிசை வாசல்வரைக்கும். மிஸ் எப்டன் தந்தியை எப்படி வாங்குவாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், ஒவ்வொரு சொல்லாகப் பென்சிலால் தட்டித் தட்டி, கடைசியில் நிற்கிறவருக்கும் கேட்கிற குரலில் படிப்பாள். அந்த வரிசையில் நின்றுதான் பத்து வருஷமாக நான் ஊர்க்கதை முழுக்கச் சேர்த்தேன், யாருக்கு யார் என்ன அனுப்பினார்கள் என்று. இன்றைக்கு என் முறை. வில்ஃப் கிரம்மிட், என்று உன் பெயரையும் விலாசத்தையும் படித்தாள். பிறகு, இரு, என்று படித்தாள். பிறகு, அம்மா, என்று படித்தாள். இவ்வளவுதானா மிஸஸ் கிரம்மிட், என்றாள். எனக்குக் காது வரைக்கும் எரிந்தது. கோடைக்குள் என் மகன் இந்த ஊருக்கு மேலே பறப்பான் என்று இதே இடத்தில் நின்று சொன்ன வாய், எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. எனக்குப் பின்னால் மூன்றாவதாக டௌஸ் அம்மாள் நின்றாள். இதோ வருகிறது, என்று தலையைக் குனிந்துகொண்டேன், வரட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று. அவள் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிஸ் எப்டனிடம், இருன்னு ஒரு தடவ சொன்னாப் போதாது, பசங்க காதுல விழாது, ரெண்டாப் போடு, என்றாள். அப்புறம் மெதுவாக, நான் டெட்டுக்கு ஒரு தடவகூட அப்படி எழுதல மேபல், என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றுகொண்டாள்.

உனக்கு வந்த தந்தியில் இரு என்ற சொல் இரண்டு தடவை இருப்பது மிஸ் எப்டனின் பிழை இல்லை. முதலாவது என்னுடையது. இரண்டாவது டௌஸ் அம்மாளுடையது, அதையும் மதித்து நட.

சரி என்று அவர்களிடம் சொன்ன அன்றைக்கே எனக்கு ஒரு வரி எழுதிப் போடு, மறக்காதே, மறுநாள் என்று வைத்துக்கொள்ளாதே. ஆண்டவர் உன்னை யாரும் சுடாத வானத்தின் கீழேயே வைத்திருக்கட்டும். அப்பா தன் அன்பைச் சொல்லச் சொன்னார், அதாவது சொல்லவில்லை, தபால்தலையை அவரே ஒட்டுகிறேன் என்று பக்கத்தில் நிற்கிறார்.

உன்னை வராதே என்று சொல்கிற
உன் அம்மா,
மேபல் கிரம்மிட்